இடதுக்கு மெலிசு, வலதுக்குக் கெட்டி

கடல் இல்லாத ஊரில், கடலுக்குள் இறங்குகிறவர்களுக்குச் சாமான் விற்பது என் பிழைப்பு. தொம்மலூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே, இரண்டாவது மாடியில் கடை. முகக்கண்ணாடி, மூச்சுக்குழாய், ரப்பர் உடுப்பு, ஈயக்கட்டி கோத்த பெல்ட், காலில் மாட்டும் ஃபின் எல்லாம் உண்டு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பக்கத்து ஆபீஸ்களில் வேலை பார்க்கிறவர்கள். நாலு நாள் லீவு போட்டு அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ முருதேஸ்வருக்கோ கிளம்புகிறவர்கள். "நீங்க எவ்ளோ ஆழம் போயிருக்கீங்க அண்ணா?" என்று கேட்பார்கள். "மெரினால முட்டி வரைக்கும் போயிருக்கேன், அதுவும் அக்கா கையைப் பிடிச்சிட்டு" என்பேன். சிரிப்பார்கள். அது சிரிப்புக்குச் சொன்னதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

படிப்பும் பத்தாவதோடு சரி. ஃபின்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையும் வந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கிழித்துப் போட்ட தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். அந்தத் தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். அந்த டப்பாவில் பாதி என் மாமா சொன்னது.

மாமா என்றால் அக்காவைக் கட்டியவர். ஈஜிபுராவில் எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். வாலிபத்தில் மங்களூர் துறைமுகத்தில், முங்கிய சாமான்களை மேலே எடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை கற்றவர். பெங்களூருக்கு வந்த பிறகு அவருக்குக் கடல் கிடைக்கவில்லை. கல் குவாரிகளில் தேங்கிய தண்ணீர் கிடைத்தது. அதற்குள் விழுந்த மோட்டாரை எடுப்பது, பம்புக் குழாயின் அடிவாயை அடைத்த சேற்றைப் பிடுங்குவது, ஏரி மதகின் கதவைத் திறந்துவிடுவது, இதுதான் வேலை. இரும்பு சிலிண்டர் இரண்டு முதுகில், இடுப்பில் ஈயம், ஒரு பக்கம் ஸ்பேனர் பை, தோளில் சங்கிலி. அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தால் லாரியில் ஏற்ற வேண்டிய ஆள் போல இருக்கும்.

நான் கடையில் சேர்ந்த புதிதில், கடையிலேயே அழகானது என்று நான் நினைத்த நீளமான நீல ஃபின் ஜோடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு விரலால் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். வெற்றிலை மாதிரி வளைந்தது.

"ஏன் மச்சான், என்னைச் சாவடிக்கிறதுன்னு உங்கக்காகிட்ட வாக்கு குடுத்திருக்கியா?"

"நல்லா வளையுதே மாமா."

"வளையுது. சும்மா மீன் பாக்கப் போறவனுக்கு வளைஞ்சா போதும். நான் முதுகுல ரெண்டு ஆளைத் தூக்கிட்டுப் போறேன். இதை மாட்டிக்கிட்டு நான் உதைச்சா இது மட்டும்தான் ஆடும், நான் நகர மாட்டேன். விசிறியால ஆட்டோவைத் தள்ளச் சொல்றியா?"

அன்றைக்குத் தாளில் எழுதிய முதல் வார்த்தை அந்த விசிறியும் ஆட்டோவும்தான். பிறகு அவரே அலமாரியைத் துழாவி, குட்டையாக, அகலமாக, நடுவில் தண்ணீர் வழிய ஓட்டை விட்ட கருப்பு ரப்பர் ஜோடி ஒன்றைத் தேடி எடுத்தார். கையில் எடுத்தாலே கனக்கும். குதிகால் திறந்தது. தடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு அதன்மேல் மாட்ட வேண்டும். பின்னால் வாருக்குப் பதில் ஸ்பிரிங். "தண்ணிக்குள்ள இருட்டு. கையில கையுறை. பக்கிள் தேடிக்கிட்டு இருக்க முடியாது. இழுத்தா வரணும், விட்டா புடிக்கணும்" என்றார். அதற்கு வாத்துக்கால் என்று பேர் வைத்தார். கடையில் அதற்கு இன்றைக்கும் அதுதான் பேர்.

அவரிடம் கற்றதை வைத்து நான் ஒரு வழி உண்டாக்கினேன். யார் பாரத்தோடு இறங்குகிறேன் என்று சொல்லி வந்தாலும் பெஞ்சில் உட்காரச் சொல்வேன். நான் தரையில் சம்மணம் போட்டு, அவர்கள் உள்ளங்காலுக்கு எதிரே என் உள்ளங்கையை வைத்து, "தள்ளுங்க" என்பேன். காலின் பலம் கைக்குத் தெரிந்துவிடும். பலமான காலுக்குக் கெட்டி ரப்பர், நோஞ்சான் காலுக்குக் கொஞ்சம் இளக்கம். கெட்டி ஃபின்னை வளைக்க முடியாத கால், சுவரை உதைத்த மாதிரி உதைத்து உதைத்து பிடிப்பு வந்து நின்றுவிடும். ஆபீஸ் பிள்ளைகள் இதை வீடியோ எடுப்பார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஆடி மாதத் தொடக்கத்தில் மாமா கடைக்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஃபின் இரண்டையும் மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

"மச்சான், இதுல ஒண்ணு கள்ளச் சரக்குடா. நேரா போகச் சொன்னா இடது பக்கமா திரும்புது. குவாரிக்குள்ள நான் பம்பைத் தேடிப் போறேன், இது என்னைக் கோயில் சுத்துற மாதிரி சுத்த விடுது."

நானும் அவரும் அந்த ஜோடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம், வளைத்துப் பார்த்தோம், தராசில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இருந்தாலும் புது ஜோடி கொடுத்தேன். பத்து நாள் கழித்து அதுவும் திரும்புகிறது என்றார். ஸ்பிரிங் தளர்வு என்று ஸ்பிரிங்கை மாற்றினேன். இடது பூட்ஸ் ஊறிப் பெரிதாகிவிட்டது என்று ஒரு அளவு சின்ன பூட்ஸ் கொடுத்தேன். ஈயத்தை இடதிலிருந்து வலதுக்கு நகர்த்தச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் ஃபின்னில்தான் இருந்தது.

கடைசியில் அவரையும் பெஞ்சில் உட்கார வைத்தேன். அத்தனை வருடத்தில் அவருக்கு அந்தப் பரீட்சையை நான் வைத்ததில்லை. ஆசானுக்கே பரீட்சையா என்று ஒரு கூச்சம்.

"தள்ளுங்க மாமா."

வலது கால் என்னைச் சுவரோடு சாய்த்தது. இடது கால் தள்ளியது, ஆனால் என் கை அசையவில்லை.

"இன்னும் தள்ளுங்க."

"தள்ளிட்டுத்தான்டா இருக்கேன்."

கையில் தெரிந்தது. தெரிந்ததை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

"எல்லாருக்கும் ரெண்டு கால்ல ஒண்ணு மூத்தது, ஒண்ணு இளையது மாமா. மூத்ததுக்குக் கெட்டி குடுப்போம், இளையதுக்கு மெலிசு குடுப்போம்" என்றேன். சொன்னவுடனேயே அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மாமாவுக்கும் பிடித்தது. "சக்கத்தா சொன்னடா!" என்று கன்னடத்தில் மெச்சித் தொடையில் தட்டினார். சுவரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் அதை எழுதினேன். டப்பாவில் நான் என்னுடைய வார்த்தையைப் போட்டது அந்த ஒருமுறைதான்.

வலதுக்குப் பழைய வாத்துக்கால். இடதுக்கு அதே நிறத்தில், அரைப்பங்கு கனத்தில் ஒரு மெலிசு. இரண்டு ஜோடியைப் பிரித்து ஒரு ஜோடி ஆக்கினேன். அந்த வாரம் அத்திபெலே பக்கம் ஒரு குவாரியில் இறங்கினார். சாயங்காலம் போன் வந்தது. "நூல் புடிச்ச மாதிரி போகுது மச்சான். நேரா பம்புல போய் முட்டினேன்." ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கி வந்தார். எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்காரனுக்கே தோன்றாததைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பேசிக்கொண்டோம்.

அக்கா எலும்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்க மாமா செருப்பைப் பாருடா. இடது செருப்பு மட்டும் முன்னாடி நுனியில தேயுது. புதுச் செருப்பு. மனுஷன் நடக்குறாரா, தரையைக் கூட்டுறாரா?"

"அது பூட்ஸ் பழக்கம்கா. கனமான பூட்ஸ் போட்டுப் போட்டு கால் அப்படி ஆகிடும்."

"நீ எல்லாத்துக்கும் ஒண்ணு வெச்சிருப்ப" என்று எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது வேறு பேச்சு. அக்காவுக்கு வெகுநாளாக ஒரு ஆசை. திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு மாமாவோடு சேர்ந்து மலையைச் சுற்றி நடக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதாமாதம் பஸ் பிடித்துப் போய்வந்து கால்வலியைப் பெருமையாகச் சொல்வார்கள். மாமா ஒவ்வொரு முறையும் "அடுத்த பௌர்ணமி" என்பார். ஏதாவது ஒரு குவாரிக்காரன் கூப்பிட்டிருப்பான். அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். "இப்பதான் ஃபின்னு சரியாச்சு. கையில இருக்கிற நாலு வேலையை முடிச்சிடறேன். அடுத்த பௌர்ணமி, ஆய்த்தா, சரியா?"

"நீங்க ஆய்த்து ஆய்த்துன்னு சொல்லுங்க, மலை அங்கயேதான் இருக்கும்" என்றாள் அக்கா.

அப்புறம் ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசி போனது. இடது ஃபின்னை இன்னும் ஒருமுறை மெலிசாக மாற்றினேன். அதற்கும் அடுத்து, சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் ஒன்றை. அப்போது கூட நாங்கள் அதைச் சரிசெய்வது என்றே சொன்னோம்.

கார்த்திகையில் மாமாவோடு வேலை செய்யும் கன்னடக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். கயிறு பிடிக்கிறவர். மாமா தண்ணீருக்குள் இருக்கும்போது கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுப்பை எண்ணுவது அவர் வேலை. உட்காரவில்லை.

"குரு, அண்ணா நேத்து ஏணியில விழுந்துட்டார்."

"தண்ணிக்குள்ளயா?"

"இல்ல குரு, மேல. வேலை முடிஞ்சு, சிலிண்டர் எல்லாம் கழட்டிட்டு, ஃபின்னையும் கழட்டிட்டு, வெறுங்கால்ல ஏறினார். ரெண்டாவது படியில கால் எத்தவே, தூக்கவே ஆகல. கையால முட்டியைப் புடிச்சித் தூக்கி வெச்சார். அப்புறம் விழுந்துட்டார். யாருக்கும் சொல்லாதேன்னார். உங்களுக்காவது சொல்லணும்னு தோணிச்சு." போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "ஃபின் இல்லாமலே கால் எத்தல, குரு."

அந்தக் கடைசி வார்த்தையை நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுத வேண்டிய தேவை இல்லை, அது போகவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு மாமா, அக்கா, நான் மூவரும் போனோம். எங்கெங்கோ ஊசி குத்தி, மின்சாரம் விட்டு, நாலைந்து நாள் அலைய விட்டார்கள். கடைசி நாள் பெரிய டாக்டர் மாமாவைக் கட்டிலில் உட்கார வைத்தார். தமிழ் பேசும் டாக்டர். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, மாமாவின் உள்ளங்காலுக்கு எதிரே தன் உள்ளங்கையை வைத்தார்.

"தள்ளுங்க."

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே பெஞ்சு உயரம், அதே கை. வலது, இடது. இடதில் அவர் கை அசையவில்லை. டாக்டர் மூத்தது இளையது என்று எதுவும் சொல்லவில்லை. "எவ்ளோ நாளா இப்படி?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். "ஃபின்னு எப்படா மாத்தினோம்?"

"ஆடியில" என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது.

தசையை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய் என்றார் டாக்டர். இடது காலில் ஆரம்பித்தது, வலதுக்கும் வரும், கைக்கும் வரும். வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை உண்டு, திருப்பிக் கொண்டுவர ஒன்றும் இல்லை. இனிமேல் தண்ணீருக்குள் வேலைக்குப் போகக் கூடாது. நான் வராந்தாவில் அவரைத் தனியாகப் பிடித்து, ஆடியிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். "பெரிய வித்தியாசம் இருந்திருக்காது" என்றார். நல்ல மனிதர். எனக்காகச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் அக்காவிடம் சொன்னேன். "முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்கா."

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மருந்தால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. சரி. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. நாலு பௌர்ணமி. தெரிஞ்சிருந்தா நான் அவரைக் கூட்டிட்டுப் போய் நடந்திருப்பேன்ல?"

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். தண்ணீரை வடித்தாள், மறுபடி ஊற்றினாள். அப்புறம், "அந்த நாலு மாசமும் அவர் நல்லா நடந்தாரு தம்பி. நீ குடுத்ததைப் போட்டுக்கிட்டுக் குவாரிக்குள்ள நடந்தாரு" என்றாள்.

அன்றைக்குக் கடைக்குப் போய் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். தாள் கிடைத்தது. ஒரு பக்கம் ஆடி மாதத் தேதி, ராகு காலம், எமகண்டம். மறுபக்கம் என் கையெழுத்தில் மூத்ததும் இளையதும். தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மனிதனின் கால் போக ஆரம்பித்த நாளை, நன்றாகச் சொன்ன வார்த்தை என்று எண்ணி, பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

தை பிறக்கும்போது மாமாவுக்குக் கோல் வேண்டியிருந்தது. சித்திரையில் சக்கர நாற்காலி. திருவண்ணாமலைக்குக் காரில் போய், காரிலேயே மலையைச் சுற்றி வரலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "நடந்தா ரெண்டு பேரா நடப்போம், இல்லன்னா வேண்டாம்" என்று அக்கா பேச்சை முடித்துவிட்டாள். மாமா மட்டும் கிண்டலை விடவில்லை. நாற்காலியை நான் படியிறக்கும்போது, "பாத்து மச்சான், பழைய சரக்கு, ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க" என்பார். நான் சிரிக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். சிரித்தேன்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி வாரம் ஒருமுறை குளத்தில் இறக்கிப் பார்க்கலாம் என்றாள். வெந்நீர்க் குளம், நெஞ்சு ஆழம், நாலு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. மாமாவின் பழைய வேலையைக் கேள்விப்பட்டு, "ஃபின் இருந்தா எடுத்துட்டு வாங்க சார், ரொம்ப லேசா, சின்னதா. காலுக்குத் தண்ணி இருக்கிறது தெரியும்" என்றாள் என்னிடம்.

கடையில் அன்றைக்கு நான் தேடியது போல ஒருநாளும் தேடியதில்லை. பதினைந்து வருடமாகப் பாரம் தூக்குகிறவருக்குக் கெட்டியானது எது என்று தேடிய கை, அலமாரியில் மிகவும் இளக்கமானது எது என்று தேடியது. குழந்தைகள் வரிசை வரைக்கும் போனேன். மூன்று ஜோடி எடுத்துக்கொண்டேன்.

குளத்தில் மாமாவைக் கை வைத்த நாற்காலியோடு இறக்கினார்கள். தண்ணீர் தோளைத் தொட்டதும் அவர் முகத்தில் பழைய முகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். முதல் ஜோடி காலில் நிற்கவில்லை, கழன்று மிதந்தது. இரண்டாவதை வாரால் இறுக்கினோம். பாதம் அதைத் தூக்க முடியாமல் தொங்கியது. மூன்றாவதை மாட்டுவதற்குள் மாமா, "விடு மச்சான், எதுவும் வேண்டாம். வெறுங்காலுக்கே பாரமா இருக்கு" என்றார்.

நான் சட்டையோடு குளத்தில் இறங்கினேன். எனக்கும் நெஞ்சு வரை தண்ணீர். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவர் உள்ளங்காலுக்கு எதிரே வைத்தேன்.

"தள்ளுங்க மாமா."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. என் கையில் வெந்நீரின் இளஞ்சூடு தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை.

"தள்ளிட்டேனா?" என்றார். அவருக்கே தெரியவில்லை.

"தள்ளிட்டீங்க."

"இடதா, வலதா?"

"ரெண்டும்."

"நீ விக்கிறவன்டா" என்றார். "அப்படித்தான் சொல்லுவ."

கரையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, படியில் இறங்கி வந்து மாமாவின் இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வலது பக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னாள். தண்ணீர் அவரைத் தாங்கியது. அக்கா ஒரு அடி வைத்தாள், அவர் கால்கள் தரையைக் கூட்டிக்கொண்டே கூட வந்தன. கம்பியை ஒட்டிக் குளத்தைச் சுற்ற ஆரம்பித்தோம். மலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு பக்கம், மூலை, இன்னொரு பக்கம், மூலை. மூன்றாவது மூலைக்கு வரும்போது மாமாவின் தலை அக்காவின் தோளில் சாய்ந்திருந்தது.

பயிற்சிப் பெண் கரையிலிருந்து நேரம் முடிந்தது, அடுத்தவர் காத்திருக்கிறார் என்று குரல் கொடுத்தாள்.

"போதும்" என்றார் மாமா. "மீதியை அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அடுத்தது எல்லாம் வேண்டாம்" என்றாள் அக்கா. "பேசாம நடங்க."

நடந்தோம்.